நியூயார்க் நகரத்தில் சார்ட்டர் உயர்நிலைப் பள்ளியை எடைபோடுவது எப்படி? எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கான வழிகாட்டி

97% பேருக்கு டிப்ளமா (பள்ளியிறுதிச் சான்றிதழ்), 100% பேருக்குக் கல்லூரி அனுமதி, காத்திருப்புப் பட்டியலில் ஆயிரம் பேர். சார்ட்டர் பள்ளிகளின் விளம்பரத் தாள்களில் இப்படிப்பட்ட எண்கள்தான் கொட்டை எழுத்தில் இருக்கும். இவை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்புவரை அதே பள்ளியில் இருந்தார்கள் என்பதை இவற்றில் எதுவுமே சொல்வதில்லை. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டுவதற்காக, சுமாராகப் படிக்கும் பிள்ளைக்கு ஒன்பதிலேயே டி.சி. கிழித்துக் கொடுத்துவிடும் பள்ளிகளை நம் ஊரில் பார்த்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. ஒரு சார்ட்டர் உயர்நிலைப் பள்ளியைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைச் சரிபார்க்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், அந்த எண்ணைக் கண்டுபிடியுங்கள். எப்படி என்பது கீழே இரண்டாம் படியில் இருக்கிறது.

அடிப்படை சுருக்கமாக. சார்ட்டர் பள்ளி என்பது அரசுப் பணத்தில் இயங்கும், கட்டணமில்லாத பொதுப் பள்ளி. அதை நடத்துவது நகரக் கல்வித்துறை அல்ல, தனியொரு அறங்காவலர் குழு. அமெரிக்காவில் இதற்கான முதல் சட்டம் 1991இல் மினசோட்டாவில் வந்தது. நியூயார்க் மாநிலத்தில் 1998இல் வந்தது. நுழைவுத் தேர்வும் இல்லை, நேர்காணலும் இல்லை. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். நியூயார்க் மாநிலத்தில் வசிக்கும் பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில், ஜெர்சி சிட்டி, எடிசன் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தப் பள்ளிகள் கிடையாது. விசா நிலையை வைத்து எந்தப் பொதுப் பள்ளியும் ஒரு பிள்ளையை மறுக்க முடியாது என்று 1982இல் பிளைலர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் வந்த பிள்ளைக்கும் வாசல் திறந்தே இருக்கிறது. முகவரிச் சான்று கேட்பார்கள், கொடுக்கலாம். குடியேற்றத் தாள்களைக் கேட்டால் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

படி 1: உண்மையில் எத்தனை இடம் இருக்கிறது?

சில சார்ட்டர் உயர்நிலைப் பள்ளிகள் தனியாக நிற்பவை. ஒன்பதாம் வகுப்பில் எல்லா இடங்களையும் குலுக்கலில் விடும். வேறு சில, மழலையர் வகுப்பிலிருந்தே தொடரும் பெரிய குழுமங்களின் கடைசிக் கட்டம். அங்கே குழுமத்தின் சொந்த எட்டாம் வகுப்பு மாணவர்கள் குலுக்கல் இல்லாமலேயே ஏறிவிடுவார்கள். வெளியிலிருந்து வருபவர்களுக்கு மிஞ்சுவது சில இடங்கள் மட்டும், சில ஆண்டுகளில் ஒன்றும் இருக்காது. எனவே முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேளுங்கள்: "வரும் செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்புக்கு வெளி மாணவர்களுக்கு எத்தனை இடம்? போன ஆண்டு காத்திருப்புப் பட்டியலில் எந்த எண்வரை அழைத்தீர்கள்?" காத்திருப்புப் பட்டியல் எவ்வளவு நீளம் என்பதால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் ஒரே பிள்ளையின் பெயர் பத்துப் பள்ளிப் பட்டியல்களில் இருக்கும். எந்த எண்வரை அழைப்பு போனது என்பதுதான் உங்கள் வாய்ப்பைச் சொல்லும்.

குலுக்கலில் அண்ணன் தம்பி, அக்கா தங்கை ஏற்கெனவே படித்தால் முன்னுரிமை உண்டு. அதேபோல் பள்ளி அமைந்திருக்கும் சமுதாயக் கல்வி மாவட்டத்தில் வசிப்பவர்களுக்கும் உண்டு. நகரத்தில் இப்படி 32 மாவட்டங்கள். உங்கள் வீடு எந்த எண்ணில் வருகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால், வாய்ப்பே இல்லாத பள்ளிகளுக்குப் பின்னால் அலைய வேண்டியதில்லை.

படி 2: காணாமல் போனவர்களை எண்ணுங்கள்

மாநிலக் கல்வித்துறையின் தரவுத் தளம் எல்லோருக்கும் பொது. பள்ளியின் பெயரை இட்டால் ஆண்டுவாரியாக, வகுப்புவாரியாக மாணவர் எண்ணிக்கை கிடைக்கும். இது அக்டோபர் தொடக்கத்தில் எடுக்கும் தலைக்கணக்கு. நான்கு ஆண்டுகளின் பக்கங்களைத் திறந்து குறுக்காகப் படியுங்கள்: 2021இன் ஒன்பதாம் வகுப்பு, 2022இன் பத்தாம் வகுப்பு, 2023இன் பதினொன்று, 2024இன் பன்னிரண்டு. ஏறத்தாழ ஒரே கூட்டம்தான் மேலே ஏறிப்போகிறது.

கணக்கு புரிவதற்காக ஒரு கற்பனைப் பள்ளி: 130, 112, 95, 84 என்று எண்கள் இறங்குகின்றன. 84 பேரில் 80 பேர் டிப்ளமா வாங்கினால் விளம்பரத் தாளில் 95% என்று அச்சாகும். ஆனால் உள்ளே நுழைந்த 130இல் 80 என்பது 62%கூட இல்லை. பள்ளி சொல்வது தவறல்ல. வேறு பள்ளிக்கு முறையாக மாறிய மாணவரை, பழைய பள்ளியின் நான்காண்டுக் கணக்கிலிருந்து கழித்துவிட விதியே இடம் தருகிறது. படிப்பையே நிறுத்தியவர் கணக்கில் இருப்பார். மாற்றிக்கொண்டு போனவர் இருக்க மாட்டார்.

இந்தக் குறுக்கு வாசிப்பில் ஏமாறக்கூடிய இடங்களும் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் நிறையப் பேரை மறுபடி உட்கார வைக்கும் பள்ளியில், அந்த வகுப்பின் எண்ணிக்கை ஊதித் தெரியும். சரிவு உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். காலியான இடத்தைப் பத்தாம், பதினொன்றாம் வகுப்புகளில் புதியவர்களால் நிரப்பும் பள்ளியில் இதற்கு நேர்மாறு: எண்கள் சமமாக இருக்கும், போனவர்கள் மறைந்துவிடுவார்கள். ஆனால் நிரப்புவது குறையல்ல. நடுவில் வந்தவருக்கும் பாடம் நடத்தும் துணிவு அந்தப் பள்ளிக்கு இருக்கிறது என்று பொருள். நிரப்பாமல் விடும் பள்ளியில்தான் மேல்வகுப்புகள் சின்னதாகிக்கொண்டே போகும், சராசரி மதிப்பெண் உயர்ந்துகொண்டே போகும்.

அதனால் கேள்வியை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். எந்த வகுப்புவரை புதிய மாணவர்களைச் சேர்க்கிறீர்கள்? சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பிலிருந்து எத்தனை பேர் போனார்கள், எங்கே போனார்கள்? பெருநகரத்தில் வாடகை ஏறுவதாலேயே குடும்பங்கள் இடம் மாறுகின்றன; எந்தப் பள்ளியிலும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். எனவே அதே மாவட்டத்தில் அருகிலிருக்கும் இரண்டு சாதாரணப் பொதுப் பள்ளிகளுக்கும் இதே குறுக்குக் கணக்கைப் போட்டு அருகருகே வையுங்கள். அக்கம்பக்கத்தைவிடச் சார்ட்டர் பள்ளி வேகமாக இளைத்தால் காரணம் வாடகை அல்ல.

ஊனமுற்ற மாணவர்கள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர்கள் ஆகிய இரு பிரிவுகளுக்கும் எண்ணிக்கை தனித்தனியாக வரும். உங்கள் பிள்ளை அந்தப் பிரிவில் இல்லாவிட்டாலும் பாருங்கள். ஒரு பள்ளி யாரை வெளியே தள்ளுகிறது என்பது முதலில் தெரிவது அங்கேதான்.

படி 3: டிப்ளமாவுக்குப் பின்னால் என்ன படிப்பு?

நகரப் பள்ளிகளில் வழக்கமான அளவு 44 கிரெடிட். அதோடு மாநிலத்தின் ரீஜென்ட்ஸ் தேர்வுகள், தேர்ச்சிக்கு 65. சார்ட்டர் பள்ளி மாணவர்களும் இதே தேர்வுகளைத்தான் எழுதுகிறார்கள். டிப்ளமாவுக்கு இந்தத் தேர்ச்சி கட்டாயம் என்ற விதியை 2027-28 கல்வியாண்டிலிருந்து கைவிடும் திட்டத்தை மாநிலம் அறிவித்திருக்கிறது. இருந்தாலும் இதுவரையிலான தரவு ஒப்பிடுவதற்கு உதவும். மாநிலத் தளத்தில் டிப்ளமா வகைவாரியாகப் பிரிந்திருக்கும். அதில் 'அட்வான்ஸ்டு ரீஜென்ட்ஸ்' வாங்கியவர்களின் பங்கைப் பாருங்கள். அதற்கு மூன்று கணிதத் தேர்வுகளும் இரண்டு அறிவியல் தேர்வுகளும் தேவை. மொத்த விகிதம் 95%ஆக இருந்து, அட்வான்ஸ்டு வாங்கியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தால், அந்தப் பள்ளி பிள்ளைகளைக் கரைசேர்க்கிறது, அதற்குமேல் கொண்டுபோகவில்லை.

நம் பெற்றோர் முதலில் கேட்பது கணக்குதான். கேட்க வேண்டியதும்தான். ஏணி இப்படிப் போகிறது: அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ், கால்குலஸ். ஐந்து படி, நான்கு ஆண்டு. எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா 1 முடித்த பிள்ளையை ஒன்பதில் ஜியோமெட்ரியில் உட்கார வைப்பார்களா, அல்லது "எங்கள் பிள்ளைகள் எல்லோரும் அல்ஜீப்ரா 1இலிருந்துதான்" என்பார்களா? இரண்டாவது பதில் வந்தால், கோடைக்காலப் பாடமோ ஒரே ஆண்டில் இரண்டு கணிதமோ இல்லாமல் கால்குலஸ் எட்டாது. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா எடுக்காத பிள்ளைக்கு இந்த இரட்டைப் பாதை இருக்கிறதா என்று கேளுங்கள்.

சின்னப் பள்ளிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வகுப்புக்கு நூறு பேர் மட்டுமே உள்ள இடத்தில், ஏபி (பள்ளியிலேயே நடத்தும் கல்லூரித் தரப் பாடம்) கால்குலஸ் ஒரே ஒரு பிரிவாக, நாளில் ஒரே ஒரு நேரத்தில்தான் நடக்கும். அதே நேரத்தில் ஏபி பயாலஜியும் விழுந்தால் பிள்ளை ஒன்றைத்தான் எடுக்க முடியும். பாடப் பட்டியலில் பதினைந்து ஏபி இருப்பதாகக் காட்டுவார்கள். அது 'என்றாவது நடத்தியவை' பட்டியலாக இருக்கலாம். கேட்க வேண்டியது பட்டியல் அல்ல, நடப்பாண்டின் கால அட்டவணை. அதோடு ஒவ்வொரு ஏபி பாடத்திலும் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், எத்தனை பேர் தேர்வில் 5க்கு 3 அல்லது அதற்கு மேல் வாங்கினார்கள் என்ற விவரம். ஐம்பது பேரை ஏபி வகுப்பில் அமர்த்தி ஐந்து பேர் 3 வாங்கினால், வகுப்பின் பெயர்தான் ஏபி.

கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான எஸ்ஏடியின் சராசரி கிடைத்தால், வாசிப்பு-எழுத்தில் 480, கணிதத்தில் 530 என்ற கல்லூரித் தயார்நிலை அளவோடு ஒப்பிடுங்கள். சராசரியைவிட இரண்டு அளவையும் தாண்டியவர்களின் விகிதம் நம்பகமானது.

அறிவியலுக்கு ஒரே கேள்வி போதும்: ஆய்வகம் எங்கே? ரீஜென்ட்ஸ் அறிவியல் தேர்வு எழுத 1,200 நிமிட ஆய்வகப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். வேறு பள்ளியோடு ஒரே கட்டடத்தைப் பகிர்ந்துகொள்ளும் சார்ட்டர் பள்ளிகள் நகரத்தில் நிறைய. அங்கே ஆய்வகம், உடற்பயிற்சிக் கூடம், உணவறை எல்லாம் முறைவைத்துத்தான் கிடைக்கும். மதிய உணவு காலை பத்தரைக்கே வைக்கப்படும் பள்ளிகள் இருப்பது இதனால்தான்.

படி 4: '100% கல்லூரி அனுமதி'யைப் பிரித்துப் பாருங்கள்

விண்ணப்பித்த எல்லோரையும் ஏற்கும் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு பள்ளி எல்லாப் பிள்ளைகளையும் அப்படியொன்றுக்கு விண்ணப்பிக்க வைத்தால் 100% வந்துவிடும். இதில் பொய்யும் இல்லை, பொருளும் இல்லை. நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ் என்ற அமைப்பு, முன்னாள் மாணவர்கள் கல்லூரியில் இருக்கிறார்களா என்பதைப் பள்ளிகளுக்கு அறிக்கையாகத் தருகிறது. அதைப் பார்க்காமல் நல்ல கல்லூரி ஆலோசகர் வேலை செய்ய மாட்டார். அந்த அறிக்கையிலிருந்து மூன்று எண்கள் கேளுங்கள்: டிப்ளமா வாங்கிய ஆண்டின் இலையுதிர்காலத்திலேயே கல்லூரியில் சேர்ந்தவர்கள், இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பியவர்கள், ஆறு ஆண்டுகளில் இளங்கலைப் பட்டம் முடித்தவர்கள். மூன்றாவது எண் பழைய பள்ளிகளிடம் மட்டுமே இருக்கும்; புதிய பள்ளியிடம் இல்லாததைக் குற்றமாகக் கொள்ள வேண்டாம். முதல் இரண்டையும் "தேடிப் பார்க்கிறோம்" என்று இழுத்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

ஓர் ஆலோசகருக்கு எத்தனை மாணவர் என்பதையும் கேளுங்கள். பள்ளி ஆலோசகர்களின் அமெரிக்கச் சங்கம் பரிந்துரைப்பது 250க்கு ஒருவர்.

படி 5: ஒழுங்கு விதிகளை வரி விடாமல் படியுங்கள்

மாணவர் கையேட்டை விண்ணப்பிக்கும் முன்பே கேட்டு வாங்குங்கள். சீருடை, தொலைபேசி விதிகள் எல்லாம் பெரிய விஷயமல்ல. எந்தக் குற்றத்துக்கு இடைநீக்கம் என்ற பட்டியலைப் பாருங்கள். சண்டைக்கு இடைநீக்கம் என்பது எல்லா இடத்திலும் உண்டு. 'கீழ்ப்படியாமை', 'மரியாதைக் குறைவு' போன்ற, எதை வேண்டுமானாலும் உள்ளே போடக்கூடிய சொற்களுக்கும் இடைநீக்கம் என்றால், நடைமுறை முழுவதும் அந்த ஆண்டு இருக்கும் அதிகாரியின் மனநிலையைப் பொறுத்தது. கறுப்புப் புள்ளிகள் சேர்ந்தால் தானாகவே இடைநீக்கம் என்ற முறையில், நல்ல பிள்ளைகூட நேரந்தவறி வந்தே அந்த எண்ணைத் தொட்டுவிடும்.

பத்து நாள்வரையிலான இடைநீக்கத்துக்குக்கூட, என்ன குற்றம் என்று சொல்லி, மாணவரின் தரப்பைக் கேட்ட பிறகே அனுப்ப வேண்டும். 1975இல் காஸ் எதிர் லோபஸ் வழக்கில் வந்த தீர்ப்பு இது. சார்ட்டர் பள்ளிக்கும் பொருந்தும். ஆனால் "வந்து பிள்ளையை அழைத்துப் போங்கள், இன்றைக்கு மனநிலை சரியில்லை" என்ற தொலைபேசி அழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அதுவும் இடைநீக்கம்தான். அப்படி அழைத்தால் எழுத்தில் கேளுங்கள்.

2015இல் புரூக்ளினில் ஒரு சார்ட்டர் தொடக்கப் பள்ளியில் 'போக வேண்டியவர்கள்' என்ற பெயரிலேயே மாணவர் பட்டியல் இருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொணர்ந்தது. இவ்வளவு பச்சையாக யாரும் இப்போது எழுதி வைப்பதில்லை. "எங்கள் பள்ளி உங்கள் பிள்ளைக்குப் பொருந்தவில்லை போலிருக்கிறது" என்று மென்மையாகத்தான் வரும். மாற்றுத் தாளில் கையெழுத்திட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. புகாரின் வழி: முதலில் அறங்காவலர் குழு, பிறகு பள்ளிக்கு உரிமம் தந்த அமைப்பு, கடைசியாக மாநிலக் கல்வி வாரியமான போர்டு ஆஃப் ரீஜென்ட்ஸ்.

படி 6: தனிக் கவனம் வேண்டிய பிள்ளைகள்

ஐஇபி (சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்கான தனிப்பட்ட கல்வித் திட்டம்) உள்ள பிள்ளை என்றால் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்: நியூயார்க்கில் சார்ட்டர் பள்ளி தானாக ஐஇபியை எழுதவோ மாற்றவோ முடியாது. அது நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் சிறப்புக் கல்விக் குழுவின் வேலை. "எங்களிடம் இரண்டு ஆசிரியர் வகுப்பு மட்டும்தான் உண்டு, அதற்கேற்ப ஐஇபியை மாற்றிக்கொண்டு வாருங்கள்" என்றால் வண்டியைக் குதிரைக்கு முன்னால் கட்டுகிறார்கள். ஆனாலும் நடைமுறையில் பாருங்கள்: சின்ன வகுப்பறையில் மட்டுமே படிக்கும் பிள்ளைக்கு அந்த வசதி அங்கே இருக்கிறதா, பேச்சுப் பயிற்சியாளர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார். உரிமை காகிதத்தில் இருந்து, ஆள் இல்லாவிட்டால், ஓர் ஆண்டு கடிதப் போக்குவரத்திலேயே கழிந்துவிடும்.

இந்தியாவிலிருந்து அண்மையில் வந்த பிள்ளைக்கு ஆங்கில மதிப்பீட்டுத் தேர்வு வைக்கக்கூடும். ஆங்கிலவழியில் படித்த பிள்ளைக்கு அது பெரும்பாலும் தேவைப்படாமல் போகும். பழைய பள்ளியின் மதிப்பெண் பட்டியலுக்கு எத்தனை கிரெடிட் தருவார்கள் என்பதைத்தான் எழுத்தில் வாங்க வேண்டும்.

படி 7: ஆசிரியர்களும், ஒரு சாதாரண நாளும்

நியூயார்க் சார்ட்டர் பள்ளிகள் சான்றிதழ் இல்லாத ஆசிரியர்களை வரம்புக்கு உட்பட்டு வைத்துக்கொள்ளலாம். அதிகபட்சம் 15 பேர். சான்றிதழ் இல்லாதவர் மோசமான ஆசிரியர் என்பதில்லை. அதைவிடப் பெரிய கேள்வி, ஆண்டுதோறும் எத்தனை பேர் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பது. ஜனவரியில் இயற்பியல் ஆசிரியர் போய்விட்டால் மே மாதம்வரை மாற்று ஆசிரியர் பயிற்சித்தாள் கொடுத்துக்கொண்டிருப்பார். "பதினொன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துபவர்களில் எத்தனை பேர் இங்கே மூன்றாண்டுக்கு மேல் இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். முதல்வர் எத்தனை ஆண்டாக இருக்கிறார் என்பதையும்.

பெற்றோர் பள்ளியைச் சுற்றிப் பார்க்கும் 'ஓப்பன் ஹவுஸ்' நாளுக்குப் போங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அன்றைக்குப் பேசும் மாணவர்கள் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். பள்ளி நடக்கும் ஒரு செவ்வாய், புதன் பார்க்க அனுமதி கேளுங்கள். ஒன்பதாம் வகுப்பைவிடப் பதினொன்றாம் வகுப்பில் பதினைந்து நிமிடம் உட்காருவது அதிகம் சொல்லும். பேசுவது ஆசிரியரா, பிள்ளைகளா? சுவரில் தொங்கும் கட்டுரைகளில் ஆசிரியரின் திருத்தம் இருக்கிறதா, அல்லது வெறும் நட்சத்திர ஒட்டியா? வகுப்பு மாறும் நேரத்தில் தாழ்வாரம் எப்படி இருக்கிறது, கழிவறை பூட்டியிருக்கிறதா? கட்டடத்துக்கு வெளியே மூன்றரை மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பிள்ளைகளிடம் கேட்டால் வேறெங்கும் கிடைக்காத பதில் கிடைக்கும்.

பயணத்தையும் காலை ஏழு மணிக்கு ஒருமுறை பிள்ளையோடு போய்ப் பாருங்கள். பேருந்து, சுரங்க ரயிலுக்கான மாணவர் ஆம்னி அட்டையில் நாளுக்கு நான்கு இலவசப் பயணம் உண்டு. பணம் பிரச்சினையில்லை, தூக்கம்தான் பிரச்சினை. சார்ட்டர் பள்ளிகளில் நாள் நீளம். ஒரு வழிக்கு எழுபது நிமிடம் என்றால் வீட்டுப்பாடம் பத்து மணிக்குத்தான் தொடங்கும்.

படி 8: நான்கு ஆண்டும் பள்ளி இருக்குமா?

உரிமம் அதிகபட்சம் ஐந்தாண்டுக்குத்தான். மாநிலப் பல்கலைக்கழகமான ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆஃப் நியூயார்க்கின் அறங்காவலர்கள் தந்தார்களா, போர்டு ஆஃப் ரீஜென்ட்ஸ் தந்ததா என்று பார்த்து, அவர்களுடைய கடைசிப் புதுப்பித்தல் அறிக்கையைப் படியுங்கள். முழு ஐந்தாண்டு கிடைத்திருந்தால் நல்லது. இரண்டு, மூன்று ஆண்டு மட்டும் கொடுத்து நிபந்தனை போட்டிருந்தால், என்ன நிபந்தனை என்று தெரிந்துகொள்ளாமல் சேர்க்காதீர்கள். உங்கள் பிள்ளை பதினொன்றில் இருக்கும்போது உரிமம் முடிகிறதா என்று கணக்கிடுங்கள்.

பணம் மாணவர் தலைக்கு வருகிறது. இருபது இடம் காலியானால் இரண்டு மூன்று ஆசிரியரின் சம்பளம் போயிற்று. அறங்காவலர் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை, நடவடிக்கைக் குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம். கடைசி மூன்று நான்கு கூட்டக் குறிப்புகளில் 'சேர்க்கை இலக்கு', 'பற்றாக்குறை', 'இடைக்கால முதல்வர்' என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றனவா என்று பாருங்கள். வேறு எந்த ஆவணமும் இவ்வளவு வெளிப்படையாக இருக்காது.

படி 9: விண்ணப்பக் காலம்

நகரப் பள்ளிகளுக்கான மைஸ்கூல்ஸ் விண்ணப்பம் இலையுதிர்காலத்தில் திறந்து டிசம்பர் தொடக்கத்தில் முடியும். முடிவு வசந்த காலத் தொடக்கத்தில். சார்ட்டர் விண்ணப்பம் அதிலிருந்து தனி. பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒரே பொது விண்ணப்பப் படிவம் போதும், கடைசி நாள் ஏப்ரல் 1ஐ ஒட்டி, குலுக்கல் அதற்குப் பின். இரண்டையும் போடலாம், ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டியதில்லை. சார்ட்டரில் இடம் கிடைத்தாலும், அங்கே பதிவு முழுவதும் முடிந்து உறுதி கையில் வரும்வரை நகரப் பள்ளி இடத்தைக் கைவிடாதீர்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. மதிப்பெண் பட்டியலோ, கட்டுரையோ, பரிந்துரைக் கடிதமோ குலுக்கலுக்கு முன் கேட்டால் அது விதிக்குப் புறம்பு.

இடம் கிடைத்ததும் பதில் சொல்லச் சில நாள்தான் தருவார்கள். மின்னஞ்சல் குப்பைப் பெட்டிக்குள் போய், இடம் அடுத்தவருக்குப் போவதுதான் அடிக்கடி நடப்பது. ஏப்ரல் முழுவதும் தினமும் பாருங்கள், படிவத்தில் இரண்டு தொலைபேசி எண்கள் கொடுங்கள், அதில் ஒன்று இந்திய எண்ணாக இருக்க வேண்டாம். காத்திருப்புப் பட்டியல் பெரும்பாலும் அந்த ஆண்டோடு முடியும், அடுத்த ஆண்டுக்குப் புதிதாகப் போட வேண்டும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஜூலை, ஆகஸ்டில் வரும் அழைப்பை எடுக்க இங்கே ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள். பள்ளி தொடங்கிய பிறகு செப்டம்பரில் வரும் அழைப்பு என்றால், சரி என்று சொல்லும் முன் பிள்ளைக்கு எந்தக் கணக்கு வகுப்பு, எந்த அறிவியல் என்று நிரப்பப்பட்ட கால அட்டவணையை அனுப்பச் சொல்லுங்கள்.